நிழலோடு நகர்கிறவர்கள்

வேலை ஒன்று. விண்ணப்பம் போட்டவர்கள் ஏராளம். கடைசிச் சுற்றுக்குக் கூப்பிட்டது இரண்டே பேரை. அந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே டப்பாவிலிருந்து வெண்ணெய் எடுத்து ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அந்த வாரம் முழுக்க எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது.

"யாருக்குக் கெடைச்சா என்ன, நம்ம வீட்டுக்குத்தான வரப்போகுது" என்றார் என் வீட்டுக்காரர். இதை அவர் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் காபி குடிக்கும்போது ஒரு தரம் சொல்வார். "ஆமா, அதான" என்று நானும் தலையாட்டுவேன். உள்ளே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் இருவரும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். சொந்தக்காரர்களுக்கு இந்த வேலையைப் புரியவைக்க முடியாமல் நான் விட்டுவிட்டேன். தோட்ட வேலைதானே என்பார்கள், எங்கள் வீட்டு ரோஜாவில் பூச்சி விழுந்திருக்கிறது, வந்து பார் என்பார்கள். கட்டிடத்துக்கு வெளியே இருக்கிற எல்லாம் எங்கள் பாடு: தரை, படி, வாய்க்கால், மரம், உட்காரும் இடம், மழை பெய்தால் தண்ணீர் போகிற வழி. அவருக்குத் தரையும் கல்லும் அத்துப்படி. எனக்குச் செடியும் மரமும். பழைய ஆபீசில் எங்களைப் புல்லும் கல்லும் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அவர் என்னைப் 'புல்லு' என்பார், நல்ல மூடில் இருந்தால்.

அந்த ஆபீசை முதலாளி இழுத்து மூடிவிட்டார். மூடிய அன்று ஆளுக்கொரு பூந்தொட்டி கொடுத்து, கண் கலங்கி அனுப்பினார். இரண்டு தொட்டியையும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். என் தொட்டியில் இருந்தது ஒரு வாரத்தில் வாடிவிட்டது, செடிக்காரியின் லட்சணம் அப்படி.

இதில் அவருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதை நாங்கள் வாய்விட்டுப் பேசவில்லை. அவர் படிப்பு முடிந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் வேலை பார்த்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் போட்ட தரையில் நடக்கிறார்கள். இது இல்லாவிட்டால் இன்னொன்று, நாலு மாதம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். நான் அப்படியில்லை. அவருடைய அம்மா, என் மாமியார், படுத்த படுக்கையானபோது நான் வேலையை விட்டேன். அத்தை போன பிறகு திரும்பி வரலாம் என்று பார்த்தால் ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் அவர் தன் முதலாளியிடம் சொல்லித்தான் உள்ளே போனேன். அங்கே சேர்ந்து மூச்சு விடுவதற்குள் ஆபீசே மூடிவிட்டது. என் வயதில், நடுவில் அத்தனை வருஷம் ஓட்டையோடு, இதுவும் போனால் எனக்கு இன்னொரு ஆபீஸ் கிடையாது. வீட்டுக்கு யார் சம்பாதித்தாலும் சரிதான். எனக்கு நான் போனால்தான் சரி.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார், அப்புறம் ஆயுளுக்கும் அதைத் தியாகம் மாதிரி வைத்துக்கொண்டு நடமாடுவார். அதற்கு நான் பிச்சையெடுக்கலாம். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவருக்கும் பயம் இருந்தது, இல்லாமலில்லை. பகலில் வீட்டில் இருக்கத் தெரியாத மனுஷர் அவர். அலமாரிக் கதவின் திருகாணியை எல்லாம் முடுக்கிவிட்டு, அடுத்து எதை முடுக்கலாம் என்று அலைந்துகொண்டிருந்தார்.

என் தங்கை ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலையில் இருக்கிறாள். இன்டர்வியூ என்றால் அவளுக்கு வேதம். தினமும் போன் பண்ணி எனக்குப் பாடம் எடுத்தாள்.

"அக்கா, சொன்ன நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போ. அரை மணி முன்னாடி போய் நிக்காத, வேற பொழைப்பு இல்லைன்னு நெனப்பாங்க. பழைய முதலாளியப் பத்திக் குறை சொல்லாத. கூடப் போட்டி போடுற ஆளைப் பத்தி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை வரக் கூடாது. அது ரொம்ப மட்டம்."

"கூடப் போட்டி போடுறது உங்க மாமாடி."

"யாரா இருந்தா என்ன. அப்புறம், நடுவுல ஏன் வேலைக்குப் போகலைன்னு கேட்டா, குடும்பக் காரணம்னு ரெண்டே வார்த்தையில முடி. ஆஸ்பத்திரி, மாமியார், மருந்துன்னு நீ ஆரம்பிச்சே, அவங்க மனசுக்குள்ளயே உன்னைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

வேலை கொடுக்கிற அம்மாளை எல்லோரும் மேடம் என்றுதான் சொன்னார்கள். சின்ன ஆபீஸ், பெரிய பெயர். மேடம் யாரையும் அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதில்லையாம். எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிதான் மெயில் வந்தது. இந்த ஊரில் உங்களுக்கு ஏதாவது கற்றுக்கொடுத்த ஓர் இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், பூங்காவாக மட்டும் இருக்க வேண்டாம், ஒரு காலைப் பொழுது போதும் என்று எழுதியிருந்தார். என் வீட்டுக்காரருக்குச் செவ்வாய்க்கிழமை. எனக்கு வியாழக்கிழமை.

ஊர் சுற்றுவது எங்களுக்குப் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஓய்வு கிடைத்த ஞாயிறெல்லாம் ஒரு பிளாஸ்க் காபி, ஒரு அளவு டேப், ஒரு வரைபுத்தகத்தோடு கிளம்பிவிடுவோம். மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். நாங்கள் சரக்கு ரயில் நிற்கிற இடத்தில் தண்டவாளத்துக்கு நடுவே என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்போம். கால்வாய்க் கரை, பழைய நீரேற்று நிலையத்தின் படிக்கட்டு, கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற மர வரிசை, பஸ் டிப்போவின் பின்பக்கம், ஒன்று விடவில்லை. ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் பென்சில் தானாக ஓடும். அதனால்தான் இப்போது சிக்கல். எந்த இடத்தை எடுத்தாலும் அது இரண்டு பேருக்கும் சொந்தம்.

"யார் எங்க கூட்டிட்டுப் போறோம்னு சொல்லிக்க வேண்டாம்" என்றார் அவர். "அதான் நியாயம். ஒருத்தர் யோசனை ஒருத்தர் மேல விழக் கூடாது."

"அதான் நாகரிகம்" என்றேன் நானும். அந்த நாகரிகத்தில் மண்ணைப் போட.

எனக்குக் கவலையில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் வராத ஓர் இடம் என்னிடம் இருந்தது. அத்தை படுத்திருந்த பெரிய ஆஸ்பத்திரியின் முன் முற்றம். நடுவில் உயரமான தண்ணீர்த் தொட்டி, வேறு மரம் மட்டை கிடையாது. நோயாளிகளோடு வந்தவர்கள் அந்தத் தொட்டியின் நிழலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். வெயில் ஏற ஏற நிழல் நகரும். நிழலோடு அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்வார்கள். காலையில் மேற்கே இருந்த கூட்டம் சாயங்காலம் கிழக்கே இருக்கும். ஒரு இடத்தில் ஜனங்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதை நான் கல்லூரியில் கற்றுக்கொள்ளவில்லை, அங்கேதான் கற்றுக்கொண்டேன். அத்தை இறந்த பிறகு அவர் அந்தத் தெருப் பக்கமே போனதில்லை. சுற்றிக்கொண்டுதான் போவார். ஆகவே அது என்னுடையது என்று நிம்மதியாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டுக் கழுத்தெல்லாம் கறுத்து வந்தார். பேன்ட் முழங்காலில் மஞ்சள் சாக்குக் கட்டித் தூள். எங்கே போனாலும் தரையில் கோடு போடுகிற பழக்கம் அவருக்கு. துவைக்கும்போதெல்லாம் பாக்கெட்டிலிருந்து நான்தான் அந்தக் கட்டியைச் சுரண்டி எடுப்பேன்.

"எப்படிப் போச்சு?"

"நல்லாத்தான் போச்சு. வெயில்தான் மண்டையப் பொளந்துருச்சு" என்றார். அப்புறம் குளிக்கும்போது பாட்டை முணுமுணுத்தார். பாட்டு வந்தால் அவருக்குக் காரியம் நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஜன்னல் திரையை விலக்கினால் வானம் முழுக்க மேகம். சாம்பல் கம்பளியைப் போர்த்தின மாதிரி, ஒரு ஓட்டை கிடையாது. நிழலைக் காட்டி வேலை வாங்கப் போகிறவள் நான். இத்தனை வருஷம் சூரியன் எந்த மாசம் எந்தக் கோணத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் படம் வரைந்தவளுக்கு, மேகம் வரும் என்று தோன்றவில்லை பாருங்கள். மாற்று இடம் ஒன்றுகூட யோசித்து வைக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கொடை எடுத்துட்டுப் போ" என்றார் அவர், அன்பாகத்தான்.

"எனக்குத் தெரியும்" என்று எரிந்து விழுந்தேன்.

மேடத்திடம் சொல்லியிருந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு அரை மணி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன். தங்கை சொன்னது ஞாபகம் வந்து, யாரும் பார்ப்பதற்குள் பக்கத்துத் தெருவுக்குள் நழுவி, மருந்துக் கடைகளின் பெயர்ப் பலகையை எல்லாம் படித்துக்கொண்டு சுற்றினேன். சொன்ன நேரத்துக்கு வாசலுக்கு வந்தால், மேடம் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். கான்வாஸ் செருப்பு, அகலத் தொப்பி, தோளில் ஒரு துணிப் பை. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கை கொடுத்தார். என் கை ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டுக் கொடுப்பதா, கொடுத்துவிட்டுத் துடைப்பதா என்று தடுமாறி, கடைசியில் கும்பிட்டு வைத்தேன்.

"போலாமா?" என்றார். அவரை முன்னால் விட வேண்டுமா, வழி காட்டுகிறவள் நான்தானே முன்னால் போக வேண்டும் என்று யோசித்து, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கேட்டுக்குள் நுழைந்து தோளில் இடித்துக்கொண்டோம். மன்னிப்புக் கேட்டேன். முற்றத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

முற்றத்தில் நிழல் இல்லை. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது தரையில் இருந்தது. தொட்டியைச் சுற்றி, மேற்கிலிருந்து வடக்காகத் திரும்பி, மஞ்சள் சாக்குக் கட்டியால் வளைவு வளைவாகக் கோடு. ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு அம்பு, அம்புக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு முக்கோணம். அந்த முக்கோணத்தை உலகத்தில் ஒருத்தர்தான் அப்படிப் போடுவார். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போட்டபோதும் அந்த முக்கோணத்தைத்தான் போட்டார்.

மேடத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மேடம், செவ்வாக்கெழமை உங்கள இங்கதான் கூட்டிட்டு வந்தாரா?"

"ஆமா" என்றார். "நீங்க இந்த வாசலைச் சொன்னப்பவே நெனச்சேன். ஆனா ஒருத்தர் காட்டின எடத்த இன்னொருத்தர்கிட்டச் சொல்றது முறையில்ல. அதான் பேசாம வந்தேன்."

"அவர் என் வீட்டுக்காரர்."

"தெரியும். உங்க பழைய முதலாளி போன்ல சொன்னாரு. ரெண்டு பேரையும் பத்தி விசாரிச்சா, அவரு ஒரே மூச்சுல ரெண்டு பேருக்கும் அழறாரு."

நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்பதை மறைத்து, வேறு வேறு தெரு முகவரி கொடுக்கலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்திருந்தோம். அந்த அசட்டுத்தனத்தை நினைத்தால் இன்னமும் கூசுகிறது. ஆனால் அப்போது கூச்சத்துக்கெல்லாம் இடமில்லை. கோபம்தான் வந்தது. என் இடம். நான் காய்ந்து கருவாடான இடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து எட்டிப் பார்த்த மனுஷர் எப்படி இதைத் தூக்கிக்கொண்டு போகலாம்?

"அவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாதுதான்.

மேடம் கோட்டைக் காலால் காட்டினார். "நெழல் போற வழியிலேயே வளைவா ஒரு கல் பெஞ்ச். காலையில இந்த முனையில ஆரம்பிச்சு, சாயங்காலம் அந்த முனையில முடியும். நகர்ந்துக்கிட்டே இருக்கலாம், எழுந்துக்க வேண்டாம். தொட்டியே கடிகாரம், பெஞ்சே அதோட முகம் மாதிரி. நல்லா இருந்துச்சு."

நன்றாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன மனுஷர் எதைச் செய்தாலும் நன்றாகத்தான் செய்வார். கேட்டவுடனேயே எனக்கு அந்தப் படம் கண்ணில் வந்துவிட்டது. என்னால் அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? நிழல்கூட இன்றைக்கு வரவில்லை.

"வேற எங்கயாவது போலாம்னா போலாம்" என்றார் மேடம். "எனக்காக இங்கயே நிக்கணும்னு இல்ல."

கால்வாய்க் கரைக்குப் போகலாமா, பஸ் கிடைக்குமா என்று மனம் தாவியது. "சரி மேடம்" என்று திரும்பினேன். அப்போதுதான் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன்.

வெயிலே இல்லை. முற்றத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், கேட்டுக்குப் பக்கத்தில் காற்று வருகிற இடம்கூடக் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் தொட்டிக்கு மேற்கே, நிழல் விழுந்திருக்க வேண்டிய இடத்தில், ஒருவர் பக்கத்தில் ஒருவராக வரிசையாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"மேடம், ஒரு நிமிஷம். அங்க பாருங்க. நெழல் இல்ல, ஆனா அங்கயே உக்காந்திருக்காங்க."

மேடம் பார்த்தார். "பழக்கமோ?"

"இல்ல மேடம். அந்தக் கதவுலேர்ந்து நர்ஸ் வந்து பேரைக் கூப்பிடுவாங்க. மைக் கெடையாது. கக்கூஸ் போனாலோ, கண் அசந்தாலோ, நம்ம பேரு போயிரும். அதனால பக்கத்துல இருக்கறவங்ககிட்டச் சொல்லி வெச்சிருப்போம். அவங்க நமக்காக எழுந்து கை தூக்குவாங்க. நாம அவங்க பைய பாத்துக்குவோம். பக்கத்து ஆள் மாறிட்டா எல்லாம் போச்சு. அதனால நெழல் நகரும்போது ஒருத்தர் மட்டும் நகர மாட்டாங்க. எல்லாரும் அதே வரிசையில சேர்ந்துதான் நகருவாங்க. நெழலுக்காக வந்து உக்காருறாங்க, சரி. ஆனா பக்கத்து ஆளுக்காகத்தான் அங்கேயே இருக்காங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குடும்பக் காரணம் என்று இரண்டு வார்த்தை. தங்கை அத்தனை தரம் சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் காற்றில் போனது. மாமியார் படுத்திருந்தது, நான் வேலையை விட்டது, வார்டுக்குள் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் விடுவார்கள் என்பது, மற்ற நேரமெல்லாம் இந்தத் தரையில் கிடந்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேசப் பேச நான் எனக்கே குழி வெட்டிக்கொள்கிறேன் என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. கூரை போட்டால் கூப்பிடுகிற குரல் கேட்காது, தூக்கி நகர்த்தக்கூடிய லேசான பெஞ்சுகள் போதும், இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் வரிசை உடையாமல் நகரும், கதவை மறைக்காத மாதிரி மூன்று மரம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். மேடம் துணிப் பையிலிருந்து எதையும் எடுத்துக் குறித்துக்கொள்ளவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப அந்தக் கல் பெஞ்ச்?"

பதில் எனக்குத் தெரியும். நிழல் வந்து சேர்வதற்கு முன்னால் அந்த இடம் மணிக்கணக்காக வெயிலில் காய்ந்திருக்கும். கல் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். நிழல் வந்தாலும் உட்கார முடியாது. படத்தில் இது தெரியாது, செய்து முடித்த பிறகுதான் தெரியும். இதைச் சொன்னால் அவருடைய பெஞ்ச் அங்கேயே உடைந்தது. போட்டியில் இருக்கிற ஆளைப் பற்றிப் பேசுவது மட்டம் என்று தங்கை சொன்னாள். கட்டின புருஷன் வேலையைப் பெண்டாட்டியே கெடுப்பதற்கு என்ன பெயர் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது மேடம் என்று சொல்லியிருக்கலாம். அவரிடமே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் நாக்கு நுனி வரை வந்தது.

"கல்லு சுடும் மேடம்" என்றேன்.

மேடம் தலையை மட்டும் அசைத்தார். கேட் வரைக்கும் நடந்தோம். பிரியும்போது சொன்னார். "வேலை இல்லைன்னா நான் போன் பண்ணி என் வாயால சொல்லுவேன். இல்லைங்கறத எழுதி அனுப்புறது மரியாதை இல்ல. வேலை உண்டுன்னா மெயில் வரும். திங்கக்கெழமைக்குள்ள தெரிஞ்சுரும்."

வீட்டுக்கு வந்தேன். "எப்படிப் போச்சு?" என்றார். "நல்லாத்தான் போச்சு" என்றேன். என் இடத்தை ஏன் எடுத்தீர்கள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டு வந்தவள், வீட்டில் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயே திறக்கவில்லை. அவர் எடுத்தது ஒரு இடத்தைத்தான். நான் செய்துவிட்டு வந்தது அதைவிட மோசம். அவர் எனக்காகக் காபி போட்டு வைத்திருந்தார். அதைக் குடிக்கவே சங்கடமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு போனும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இருவரிடமும் மேடம் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். அதனால் எந்தப் போன் அடித்தாலும் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. தங்கை இரண்டு தரம் கூப்பிட்டு இரண்டு தரமும் திட்டு வாங்கினாள். அவர் குளியலறைக் குழாயைக் கழற்றி மாட்டினார். முன்பு சொட்டாமல் இருந்த குழாய் இப்போது சொட்டியது.

திங்கட்கிழமை காலையில் அடித்தது அவருடைய போன். திரையில் மேடத்தின் ஆபீஸ் பெயர். அவர் கையில் எடுப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். அந்த நொடியில் எனக்கு என்ன வந்தது என்று மறைக்க விரும்பவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அடிவயிற்றிலிருந்து குபுகுபுவென்று வந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு இல்லை என்று சொல்கிற போன் அது, எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் போனைக் காதில் வைத்தபடி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க மேடம். பரவால்லிங்க. நீங்களே கூப்பிட்டுச் சொன்னதுக்கு நன்றி" என்று வைத்தார்.

மத்தியானம் எனக்கு மெயில் வந்தது. அவர் வாசித்துப் பார்த்து, "நல்ல வார்த்தையா எழுதியிருக்காங்க" என்றார். கை குலுக்கினார், ஆபீசில் குலுக்குவது போல. சாயங்காலம் வரை அலமாரிப் பக்கம்கூடப் போகவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். விளக்குப் போட்டதும் கேட்டார்.

"நீயும் அங்கதான் கூட்டிட்டுப் போனியாமே. மேடம் சொன்னாங்க. உங்க பெஞ்ச் நல்லா இருந்துச்சு, ஆனா கல்லு சுடுமாமேன்னாங்க. நீ சொன்னியா?"

"ஆமா."

"நான் வெளிர் கல்லுதான் போட்டிருந்தேன். கணக்குப் பாத்துத்தான் போட்டேன். சுடாது."

"சுடும்."

"எந்தப் புஸ்தகத்துல படிச்ச?" அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? எனக்கு எதிரா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல, புல்லு?"

"உக்காந்து பாத்திருக்கேன். அங்க தொட்டியச் சுத்தி குட்டையா ஒரு கல்லுத் திண்டு இருக்குல்ல, அதுலதான். வெளிர் கல்லுதான் அதுவும். நெழல் வந்தப்புறமும் ரொம்ப நேரம் உக்கார முடியாது. பேப்பரை நாலா மடிச்சுப் போட்டுத்தான் உக்காருவோம்."

"எப்ப உக்காந்த?"

"அத்தை இருந்தப்பதான். வேற எப்ப?"

"அப்ப நீ உள்ளல்ல இருந்த. அம்மா பக்கத்துல."

நான் அவரைப் பார்த்தேன். விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். விளையாடவில்லை.

"உள்ள யாருங்க விடுவா? சாயங்காலம் ஒரு மணி நேரம்தான். ஞாயித்துக்கெழமை மட்டும்தான் நாள் பூரா விடுவாங்க, அதுவும் ஒரு நோயாளிக்கு ஒருத்தரைத்தான். அன்னைக்கு நீங்க போனீங்க, நான் வீட்டுல துணி தொவைச்சேன்."

அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"மத்த நாளெல்லாம்?"

"வெளியதான்."

"காலையிலேர்ந்தா?"

"டாக்டர் எந்நேரம் பேரைக் கூப்பிடுவாரோ, என்ன மருந்து வாங்கச் சொல்லுவாரோ. யாராவது இருக்கணும்ல."

"மழை பெஞ்சா?"

"சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடுவோம்."

"சாப்பாடு?"

"டப்பாவுல எடுத்துட்டுப் போவேன்ல. நீங்கதான மூடியைக் காணோம்னு ஒரு நாள் தேடிக் குடுத்தீங்க." அழுதுவிடக் கூடாது என்று கோபமாகப் பேசினேன். "அத்தன மாசம் ஒரு நாள் கேட்டிருக்கலாம்ல? எங்க உக்காருறேன்னு?"

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல."

"அத்தைதான் சொல்லாதன்னாங்க. சாயங்காலம் உள்ள போனா மொதல்ல என் கையத் தொட்டுப் பாப்பாங்க. இன்னைக்கு ரொம்பக் காஞ்சுட்டியேம்பாங்க. அவன்கிட்டச் சொல்லாத, அவனுக்கு ஆபீஸ்ல வேலை ஓடாதும்பாங்க."

அவர் எழுந்தார், எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துப் பேசினார்.

"அந்த நெழல நான் கீழேர்ந்து பாக்கல. மேல வார்டு ஜன்னல்லேர்ந்து பாத்தேன். ஒரு ஞாயித்துக்கெழமை அம்மா என்னைக் கூப்பிட்டு, ஜன்னல்கிட்ட நிக்கவெச்சு, கீழ பாருடான்னாங்க. அவங்கெல்லாம் நாள் பூரா எப்படி நகர்றாங்க பாருன்னாங்க. அவங்களுக்கு எழுந்து உக்காரவே முடியாது அப்ப. இருந்தாலும் முழங்கைய ஊனி எழுந்து காட்டினாங்க."

எனக்கு இது தெரியாது. அத்தையின் கட்டில் ஜன்னல் பக்கம் என்பது தெரியும். அங்கிருந்து அவள் வாரம் முழுக்க எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"இந்த எடத்துல வளைவா ஒரு கல் பெஞ்ச் போட்டா நல்லா இருக்கும்மான்னேன்."

"அதுக்கு அத்தை?"

"ஒண்ணும் சொல்லல. திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."